வாசம் பார்க்கும் உத்தியோகம்

லோஜிதன் லொசானிலிருந்து வந்திருந்தான்.
பெட்டிக்குள் இரண்டு ஜம்பர், பிள்ளைகளுக்குச் சொக்கா,
ஐஸ் பையில் சுற்றிய ஐந்து சீஸ்,
துவாய்க்குள் உருட்டிய மூன்று வைன் போத்தல்.

கல்லடியில், பாலம் தெரிகிற மொட்டைமாடி.
பகல் முழுக்க அடித்த கச்சான்
அப்போதுதான் கை ஓய்ந்திருந்தது.
ரெரன்ஸ் வீட்டு ரொட்டிப் பலகையில்
சீஸ்களை வயது வாரியாக அடுக்கி
பந்தி விசாரிக்கிறவனின் பதற்றத்தோடு நின்றான்.
ஒரே மாதிரிக் கிளாஸ் மூன்றுதான்.
பெனடிக்ராவுக்கு ஐஸ்கிறீம் கோப்பை.
றமீஸா விளாம்பழச் சாறு கொண்டுவந்திருந்தாள்.
"இதுக்குள்ள கண்டுக்குட்டிட குடல் போடுறதாமே?"
அதையும் யோசித்து இரண்டு
செடிச்சாற்றில் உறைந்தவை வாங்கியிருந்தான்.

"உடன குடிக்கப்படா. முதல்ல சுத்து.
மறுகா மூக்க உள்ள விடு.
என்ன வாசம் எண்டு ஒவ்வொரு ஆளாச் சொல்லு."

ரெரன்ஸ் சொன்னான்: நாவல்பழம், சிகரெட் பெட்டி.
பெனடிக்ரா சொன்னாள்: பூசை முடிந்த கோயிலின் மெழுகுதிரி.
றமீஸா சாற்றை முகர்ந்து சொன்னாள்: விளாம்பழம்.
எல்லோரும் சிரித்தோம்.
நானும் மூக்கை விட்டேன்.
கிளாசின் விளிம்பு குளிராக இருந்தது.
"நாவல்பழம்" என்றேன்,
வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதுவதுபோல.

இப்படித்தான் மூன்று வருஷம்.
கொரோனா போகும்போது எடுத்துக்கொண்டு போனதை
வீட்டிலும் சொல்லவில்லை, கந்தோரிலும் சொல்லவில்லை.
செங்கலடிப் பால் சேகரிப்பு நிலையத்தில்
வாசம் பார்ப்பதுதான் என் உத்தியோகம்.
தண்ணீர் கலந்தால் கருவி காட்டும்.
புளிப்பை மூக்குத்தான் பிடிக்கவேண்டும்.
விடிய ஐந்தரைக்கு கேன் மூடியைத் திறப்பேன்,
குனிவேன், முகர்வேன்,
பிறகு நிமிர்ந்து பால்காரரின் முகத்தைப் பார்ப்பேன்.
பால் புளித்திருந்தால்
அவர் கண் முதலில் புளிக்கும்.

நாலாவது சீஸின் கடதாசியைப் பிரித்தான்.
ரெரன்ஸ் கதிரையைப் பின்னுக்கு இழுத்தான்.
பெனடிக்ராவின் சால்வை மூக்குவரை ஏறியது.
நான் அந்நேரம் பாலத்தில் போகிற
பஸ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாருடைய முகமும் பார்க்கவில்லை.
"சொல்லு புள்ள, நீதான் இதில எக்ஸ்பேட்."
"மல்லிகை" என்றேன்.

ரெரன்ஸ் சிரித்துச் சிரித்து இருமி
வைன் மூக்கால் வந்தது.
லோஜிதன் பாவம், சீட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தான்,
எங்காவது மல்லிகை எழுதியிருக்கிறதா என்று.
றமீஸா மட்டும் சிரிக்கவில்லை.
"எப்ப இருந்து?" என்றாள்.

சொன்னேன்.
வாவியில் ஒரு தோணிக்காரன்
விளக்கைத் தூக்கி வலையைப் பார்த்தான்,
திரும்ப இறக்கினான்.

மறுகா யாரும் ஆறுதல் சொல்லவில்லை, நல்லகாலம்.
பலகையை என் பக்கம் தள்ளி
ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்கள்.
நனைந்த நாய். இல்லையில்லை, நாய் படுத்த சாக்கு.
மழைநாள் பஸ்சில் சப்பாத்தைக் கழற்றினவன்.
இறால் கோது போட்டு மறந்த வாளி.
"அதுக்குக் கீழ கொஞ்சம் பால் இருக்கு,"
றமீஸா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்,
"நல்ல பால். எருமை இல்ல. குளிர் ஊர்ப் பால்."

நாக்கில் வைத்தேன்.
உப்பு. கொஞ்சம் குத்தல்.
பிறகு வெண்ணெய் வழுக்கிக்கொண்டு போனது.
அவ்வளவுதான் எனக்கு.
ஆனாலும் அந்த நாய், அந்தச் சாக்கு,
சப்பாத்தில்லாத அந்த மனிதன்
எல்லோரும் வாய்க்குள் வந்திருந்தார்கள்.

மிச்சத்தை லோஜிதன் எனக்கே கட்டித் தந்தான்.
"உனக்குத்தான் கரைச்சல் இல்லயே."

அடுத்த நாள் பின்னேரம்
பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் கேட்டார்:
"என்ன புள்ள, உங்கட குசினிக்க எலி கிலி செத்துக் கிடக்கா?"

"அவ்வளவு நாறுதாக்கா?" என்று கேட்டேன்.
"ஐயோ, வயித்தப் பிரட்டுது."

"எப்படி நாறுது, சொல்லுங்க" என்று
வேலியருகே போனேன்.